சரிபார்ப்பு ரத்தம்

ஆசிட் அக்கா உட்கார்ந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. நாற்காலியைக் காட்டினால் அதில் கைப்பையை வைப்பார். மதியச் சாப்பாட்டை ஜன்னல் ஓரமாக நின்றபடியே முடிப்பார், அதுவும் ஒரே மூச்சில் இல்லை. இரண்டு வாய் சாப்பிட்டதும் ஏதோ நினைவுக்கு வந்தவராக டப்பாவை மூடிவிட்டு உள்ளே போவார். உலர்த்தும் அலமாரியின் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார். திரும்பி வந்த பிறகுதான் அடுத்த வாய்.

"கொஞ்சம் உக்காருங்கக்கா, பாக்குற எங்களுக்கே மூச்சு வாங்குது."

"உக்காந்தா மூளை ஓட ஆரம்பிச்சிடும் தம்பி. காலு ஓடிட்டிருந்தா மூளை சும்மா கெடக்கும்."

எங்கள் ஆய்வகம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் இருந்தது. கீழே கர்ப்பிணிகள் பிரிவு. பிள்ளைத்தாச்சிகள் சிலருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி, கைகால் வீங்கி, சிலருக்கு வலிப்பு வரைக்கும் போய்விடுகிறதே, அவர்களுடைய ரத்தத்தில் ஜிங்க் எனப்படும் துத்தநாகம், செம்பு, செலினியம், மெக்னீசியம் ஆகிய தாதுக்கள் எவ்வளவு இருக்கின்றன? அழுத்தம் ஏறாதவர்களின் ரத்தத்தில் எவ்வளவு? இரண்டையும் ஒப்பிடுவதுதான் எங்கள் வேலை. ஆய்வை நடத்தியவர் ஒரு டாக்டர்; நாங்கள் மேடம் என்போம். மிஷினை ஓட்டியது நான். அந்த மிஷினுக்குள் போகும் குப்பிகளையெல்லாம் கழுவியது அக்கா.

கழுவுவது என்றால் சோப்பும் தண்ணீரும் இல்லை. இந்தத் தாதுக்கள் ரத்தத்தில் இருப்பது துளியூண்டு. ஆனால் வெளியே எங்கு பார்த்தாலும் இருக்கின்றன. தூசியில் இருக்கின்றன, ரப்பர் மூடியில், முகப்பவுடரில், மோதிரத்தில் இருக்கின்றன. குப்பியின் உட்புறத்தை ஒரு விரல் தொட்டால் போதும், நோயாளியின் உடம்பில் இல்லாத துத்தநாகம் மிஷினில் வந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு குப்பியையும் அமிலத் தொட்டியில் ஊறவைத்து, சுத்திகரித்த நீரில் திரும்பத் திரும்ப அலசி, தூசி படாத அலமாரியில் கவிழ்த்து உலர்த்த வேண்டும். பட்டப்பெயர் வந்தது அந்தத் தொட்டியிலிருந்துதான். அக்கா அந்தப் பெயரை ஒரு பதவி போலவே வைத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை ஆய்வைப் பார்வையிட வந்த பெரிய அதிகாரியை வாசலிலேயே மறித்துவிட்டார்.

"சார், முகத்துல போட்டிருக்கீங்களே பவுடர், அதைத் துடைச்சிட்டு உள்ள வாங்க. இல்லன்னா உங்க ஜிங்க்கைக் கொண்டுபோய் எந்தப் பொண்ணு கணக்குலயாவது எழுதிடுவோம்."

அவர் கைக்குட்டையைத் தேட, மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் குளிர்பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அடுத்து அக்கா என்னைக் காட்டி, "இவரு எங்க தம்பி. அவங்க வீட்டுல மொத டிகிரி. மிஷின் இவரு கையிலதான்" என்றார் அதே அதிகாரியிடம். அதிகாரி என் கையைக் குலுக்கினார். அப்பாவுக்கு அன்று போன் செய்து சொன்னேன். யார், எந்த அதிகாரி என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைத்தது அக்காவால்தான்.

அவர் உட்காராததற்கு ஒரு காரணம் இருந்தது. அதைக் குப்பிகளுக்கு மூடி போட்டபடியே ஒருநாள் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவருக்கு உடன்பிறந்த மூத்தவள் ஒருத்தி. தலைப்பிரசவத்துக்கு இருந்தபோது முகம் உப்பியது. பிள்ளை நன்றாக வளர்கிறது, அதனால் தாய் பூரித்திருக்கிறாள் என்றார்கள் வீட்டில். தலைவலி என்றாள். தூக்கம் போதவில்லை என்றார்கள். கண் முன்னால் மின்மினி பறக்கிறது என்றபோது எல்லோரும் சிரித்தார்களாம். வலிப்பு வந்தபோது காலைப் பிடித்துக்கொண்டவர் அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்கப் பிடித்தபடியே போயிருக்கிறார். போய்ச் சேர்ந்ததும் பிடியை விடச் சொன்னார்கள். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

"அந்த ரத்தத்துல என்ன இருந்துச்சு, என்ன இல்லன்னு யாராவது பாத்தாங்களா? யாரும் பாக்கல. அதான் இங்க வேலைன்னதும் வந்துட்டேன். இங்க பாக்குறாங்க இல்ல?" என்று கடைசி மூடியைத் திருகிவிட்டு உடனே தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவர் உண்டானார். வீட்டுக்காரர் நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் கடை வைத்திருந்தார், அதிகம் பேசாத மனிதர். செய்தி தெரிந்த அன்று படியேறி வந்து, ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "அவளைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னார். எங்களில் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. பொதுவாக எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

மேடம் அன்றே அக்காவை அமில அறையிலிருந்து மாற்றினார். உலர்ந்த குப்பிகளுக்கு மூடி போடுவது, பெயர்ச்சீட்டு ஒட்டுவது, அவ்வளவுதான் இனி. பெயர் மட்டும் மாறவில்லை.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு தொல்லை. தினமும் காலையில் மிஷினைத் தொடங்கியதும், ஏற்கெனவே அளவு தெரிந்த ஒரு ரத்தத்தை முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நேற்று வந்த எண்ணே இன்றும் வந்தால் மிஷின் ஒழுங்காக இருக்கிறது, நோயாளிகளின் ரத்தத்தை உள்ளே விடலாம். அதற்காக வெளியிலிருந்து வர வேண்டிய திரவம் வரவே இல்லை. கேட்டால் வருகிறது என்பார்கள். மேடம் யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா கையை நீட்டினார்.

"என்கிட்ட எடுங்க. உங்களுக்கு வேண்டியது மாசமா இருக்கிற நல்ல ரத்தம்தானே? எனக்கும் தெரிஞ்சிக்கணும்."

கீழே அழைத்துப்போய் அழுத்தம் பார்த்தோம். துளிகூடக் குறையில்லை. சிறுநீரும் சரி. ரத்தத்தை எடுத்து, சிவப்பைப் பிரித்து, மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரைச் சின்னச் சின்னக் குப்பிகளில் ஊற்றி உறைய வைத்தோம். அவரே கழுவிய குப்பிகள். மிஷினில் ஓட்டியபோது தாதுக்கள் எல்லாம் நடுவாந்திரமாக, பாடப்புத்தகத்தில் போட்டது போல வந்தன. மேடம் அதற்குச் 'சரிபார்ப்பு ரத்தம்' என்று சீட்டு ஒட்டச் சொன்னார். ஒட்டியதும் அக்காதான்.

மறுநாள் காலையிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. குப்பி உருகி, மிஷினுக்குள் போய், திரையில் எண் வரும் நேரத்துக்கு அக்கா எங்கிருந்தாலும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்.

"எப்படி இருக்கேன்?"

"நல்லா இருக்கீங்கக்கா."

"ஜிங்க்?"

"நேத்து மாதிரியேதான்."

"செலினியம்?"

"அசையல."

"மேடம், நான் நல்லா இருக்கேன்!" என்று அடுத்த அறைக்குக் கேட்கும்படி குரல் கொடுத்துவிட்டுப் போவார். மேடமும் அங்கிருந்து, "ரொம்ப சந்தோஷம்!" என்பார். அதன் பிறகுதான் எங்களுக்குக் காலை விடிந்ததுபோல இருக்கும்.

அது உறைய வைத்த பழைய ரத்தம் என்பது அக்காவுக்குத் தெரியும், எனக்கும் மேடத்துக்கும் தெரியும். கேட்டால் மூன்று பேரும் சரியாகச் சொல்லியிருப்போம். ஆனால் ஒரு சொல்லைத் தினமும் காலையில் சொல்லிக்கொண்டிருந்தால் அது காதோடு நிற்பதில்லை. அக்கா நன்றாக இருக்கிறார் என்பது எங்கள் ஆய்வகத்தில் மின்விசிறி சுற்றுவது போன்ற ஒரு விஷயமாகிவிட்டது. தலை நிமிர்ந்து யாரும் பார்ப்பதில்லை.

மாதம் ஏற ஏற, கீழே பரிசோதனைக்குப் போவதை அவர் தள்ளிப்போட்டார். முதலில் வரிசை நீளம் என்றார். அடுத்த தடவை, அந்த அறையில் ஒரு கட்டில் இருக்கிறது, அதைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது என்றார். அதன் பிறகு காரணமே சொல்லவில்லை.

"போய்ட்டு வந்துட்டீங்களாக்கா?"

"எதுக்கு? அவங்க மாசத்துக்கு ஒரு தடவை பாக்குறாங்க. நீ தினம் பாக்குற."

அதைக் கேட்டு நான் சிரித்தேன். எனக்கு அது பாராட்டாக இருந்தது.

எட்டாம் மாதத்தில் அவர் நடை மாறியது. ஓட்டம் குறையவில்லை, ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஓடினார். செருப்பு வார் காலில் பதிந்து தடம் போட்டது. கையுறை அளவு போதவில்லை என்று பெரிதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று மூடி போடும் மேஜையின் விளக்கை அணைத்துவிட்டு வேலை செய்தார். எடுத்த பொருளைக் கீழே வைத்துவிட்டு எதற்கு எடுத்தோம் என்று நின்றார். மேடம் விசாரித்தபோது, "குளிர் அறைக்கும் வெயிலுக்கும் மாறி மாறிப் போறேன் இல்ல, அதான் தலை கனமா இருக்கு" என்று சொல்லி, பதில் வருவதற்குள் அங்கிருந்து நகர்ந்துவிட்டார். யாருக்கும் பிடி கொடுக்காமல் பேச அவரை மிஞ்ச ஆளில்லை.

அவரைக் கடைசியில் கீழே இறக்கியது எங்கள் சந்தேகம் இல்லை. சரிபார்ப்பு ரத்தம் தீர்ந்துகொண்டிருந்தது. அதுதான்.

"மறுபடியும் எடுத்துடலாம். வா தம்பி" என்று அவரே கிளம்பினார். பரிசோதனைக்கு வராதவர், ரத்தம் கொடுக்க மட்டும் ஓட்டமாக வந்தார்.

கீழே ரத்தம் எடுக்கும் இடத்தில் இருந்த நர்ஸை எல்லோரும் மைக் சிஸ்டர் என்பார்கள். அவர் மெல்லப் பேசினாலே மருந்துக்கடை வரைக்கும் கேட்கும். ஆய்வுக்காக யாருடைய ரத்தத்தை எடுத்தாலும் அழுத்தமும் பார்த்துக் குறிக்க வேண்டும் என்பது விதி. ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்து முடித்ததும் கையில் பட்டையைச் சுற்றினார். காற்று ஏறியது. இறங்கியது. சிஸ்டர் எதுவும் பேசவில்லை.

மற்றக் கையில் பட்டையை மாற்றினார். மறுபடி காற்று.

"ஏம்மா, தலை வலிக்குதா?"

"வேலை செஞ்சா வலிக்கத்தான் செய்யும் சிஸ்டர்."

"கண்ணு முன்னால ஏதாச்சும் பறக்குதா?"

ரத்தம் கொடுக்க மட்டும் உட்கார்ந்திருந்த அக்கா, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"உங்க மிஷின் கோளாறு சிஸ்டர். காலைலதான் பாத்தோம். எல்லாம் சரியா இருக்கு. தம்பி, சொல்லு!"

நான் சிஸ்டரின் கையிலிருந்த பட்டையைப் பார்த்தேன்.

"என்னத்தைப் பாத்தீங்க காலைல?" என்றார் சிஸ்டர்.

"ஜிங்க், செலினியம், எல்லாம்."

"யாரும்மா உன்கிட்ட அதைக் கேட்டா? நூத்தி எழுபதுல நிக்குது உனக்கு! கீழ் அளவு நூத்திப் பத்தைத் தாண்டிடுச்சு! நீ இன்னும் நின்னுக்கிட்டு ஜிங்க் பேசிட்டிருக்க!" இப்போது குரல் மருந்துக்கடையைத் தாண்டியிருக்கும். வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். "படும்மா மொதல்ல. அந்தக் கட்டில்ல படு."

அந்தக் கட்டிலைத்தான் அக்கா இத்தனை நாளும் பார்க்காமல் இருந்தார். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். வாசல் பக்கம் ஒரு அடி வைத்தார். நான் குறுக்கே நின்றேன். அவரைத் தொட்டுத் தடுக்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் நகரவில்லை.

"வழியை விடு தம்பி."

"படுங்கக்கா. நான் மேல போய் இந்த ரத்தத்தை ஓட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் படுங்க."

அந்த வார்த்தைக்குத்தான் அவர் படுத்தார்.

சிறுநீரைப் பார்த்தபோது புரதம் கொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர்கள் வந்தார்கள். அழுத்தம் இறங்க மருந்து ஏற்றினார்கள். வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். பாட்டிலில் இருந்த பெயரை அக்கா படித்துவிட்டு, "இது நம்ம மெக்னீசியமா? எனக்குத்தான் குறையவே இல்லையே, எதுக்கு ஏத்துறீங்க?" என்று கேட்டாராம். இது ரத்தத்தில் குறைவதற்காக அல்ல, மூளை துள்ளாமல் இருப்பதற்காக என்று சின்ன டாக்டர் விளக்கினார். உடம்பெல்லாம் தீயாக எரிகிறது என்று சொல்லிக்கொண்டு அக்கா புரண்டார். புரளக் கூடாது என்றார்கள். அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை.

டயர் கடைக்காரர் கைகளில் கறுப்பு மையோடு ஓடி வந்தார். மைக் சிஸ்டர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஊர்ல போற லாரிக்கெல்லாம் காத்து பாக்குறீங்க. வீட்டுல ஒருத்தி இருக்காளே, அவளுக்கு எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்கத் தோணலையா?"

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆஸ்பத்திரியிலயேதான் இருக்கா, தினமும் பாக்குறாங்கன்னு சொன்னா, சிஸ்டர்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை இல்லை அது. அப்படி இருந்திருந்தால் தேவலை. 'பாத்தீங்கதானே?' என்று என்னிடம் உறுதி கேட்கும் பார்வை.

டாக்டர்களின் முடிவு ஒன்றுதான். அழுத்தம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. குழந்தையின் நுரையீரல் முதிர அக்காவுக்கு ஊசி போட்டுவிட்டு, அது வேலை செய்யக் கொஞ்சம் அவகாசம் கொடுத்து, அறுத்து எடுத்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் வலிப்பு வரலாம். இரண்டு உயிருக்கும் ஆபத்து. அதற்கு அக்கா சம்மதிக்க வேண்டும்.

அவர் சம்மதிக்கவில்லை. "எட்டு மாசம்தான் ஆகுது. இப்ப எடுத்தா புள்ள தாங்குமா? என் ரத்தம் ரிசல்ட் வரட்டும். சரியா இருந்தா நான் வீட்டுக்குப் போறேன். அங்க ஓய்வா இருக்கேன்." ஓய்வு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போதும் கண்கள் வாசலில்தான் இருந்தன.

கணவரை மேலே அனுப்பிக்கொண்டே இருந்தார். அவரும் ஏறி வந்து, செருப்பைக் கழற்றி, "வந்துடுச்சான்னு கேக்குறா" என்பார். "இன்னும் இல்லண்ணா." இறங்குவார். மறுபடி ஏறுவார்.

ரத்தத்தைச் சுழலவிட்டுப் பிரித்து, நீர் கலந்து, மிஷினுக்குள் விட்டேன். அவசரத்தில் முதல் குப்பியைக் கொட்டிவிட்டேன். இரண்டாவதை மேடம் பிடித்துக்கொண்டார்.

எண்கள் திரையில் வந்தன. நான் அவற்றைப் பார்த்தேன், மேடமும் பார்த்தார்.

துத்தநாகம் சரியாக இருந்தது. செம்பும் செலினியமும் சரி. மருந்து ஏற்றும் முன் எடுத்த ரத்தம் என்பதால் மெக்னீசியமும் சரியாகவே இருந்தது. பழைய குப்பியின் எண்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. கீழே ஒரு பெண் எந்த நேரமும் வலிப்புக்குப் போகலாம் என்ற நிலையில் கிடக்கிறாள், இங்கே அவளுடைய ரத்தம் நான் நன்றாக இருக்கிறேன் என்கிறது.

"இதை அவங்ககிட்ட சொன்னா எழுந்து போயிடுவாங்க மேடம்."

"தெரியும்."

"குறைஞ்சிருக்குன்னு சொல்லிடலாமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது. மேடம் திட்டவில்லை. எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொன்னா சம்மதிப்பாங்க. அப்புறம் காலம் முழுக்க எதைச் சாப்பிடாம விட்டோம், எதைச் செஞ்சோம்னு தன்னையே குடைஞ்சிப்பாங்க. அவங்க எப்படிப்பட்டவங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று எழுந்தார். "வாங்க. இருக்கிறதையே சொல்வோம்."

படியில் டயர் கடைக்காரர் எதிரே வந்தார். எதுவும் கேட்காமல் எங்களோடு திரும்பி இறங்கினார்.

அக்காவின் முகம் காலையில் பார்த்ததைவிட இன்னும் உப்பியிருந்தது. கண்கள் இடுங்கிப்போயிருந்தன. ஆனால் எங்களைக் கண்டதும் அதே கேள்வி, அதே குரல்.

"எப்படி இருக்கேன்?"

மேடம் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார். "ரத்தத்துல எல்லாம் சரியா இருக்கு. ஜிங்க், செலினியம், எல்லாமே."

"பாத்தீங்களா!" அக்கா தலையைத் தூக்கினார். கையில் இருந்த குழாய் இழுபட்டது. "நான் சொன்னேன் இல்ல! சிஸ்டர்! மைக் சிஸ்டர்! கேட்டீங்களா?" கணவரைப் பார்த்து, "என் பையை எடுங்க" என்றார்.

"பையை எடுக்கலாம். அதுக்கு முன்னால நான் சொல்றதையும் கேளுங்க" என்றார் மேடம். "இந்த நோய் வந்தவங்க ரத்தம் எத்தனை நம்மகிட்ட வந்திருக்கு? நீங்க கழுவிக்கொடுத்த குப்பியிலதான் அத்தனையும் வந்துச்சு. மொத்தமா சேத்து சராசரி எடுத்தா கொஞ்சம் குறைவாத் தெரியுது. ஆனா ஒவ்வொருத்தரா பாத்தா? பாதிப் பேருக்கு மேல உங்களுக்கு இருக்கிற மாதிரிதான். எல்லாம் சரி. சரியா இருந்துதான் அவங்களுக்கு வலிப்பு வந்துச்சு. இந்த எண்ணை வெச்சு ஒரு ஆளுக்கு வரும் வராதுன்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது இப்போதைக்கு. அதைத் தெரிஞ்சிக்கத்தான் இந்த ஆய்வையே நடத்துறோம். அந்தப் பட்டை சொல்லும். சிறுநீர் சொல்லும். உங்க தலைவலி சொல்லும். அது மூணும் இன்னைக்கு ஒரே விஷயத்தைத்தான் சொல்லுது."

அக்கா தலையை மெல்லத் தலையணையில் சாய்த்தார். கொஞ்ச நேரம் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப தினமும் காலைல நாம எதைத் தம்பி பாத்துக்கிட்டிருந்தோம்?"

எனக்குத் தெரிந்த ஒரே பதில்தான் இருந்தது. அதையே சொன்னேன்.

"மிஷினைக்கா. மிஷின் நல்லா இருக்கான்னு பாத்தோம்."

அவர் சிரித்தார். சிரிப்புத்தான் அது, ஆனால் பாதியில் கண்ணீராகிவிட்டது. "மிஷின் நல்லா இருக்கு இல்ல? அது போதும்" என்றார். "எங்க அக்காவுக்கும் பாத்திருந்தா எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கும்னு சொல்றீங்க?"

"இருந்திருக்கலாம்" என்றார் மேடம்.

"நான் இத்தனை வருஷமா, அவ ரத்தத்துல ஏதோ இல்லாமப் போச்சு, அதை யாரும் பாக்கலன்னு நினைச்சிட்டிருந்தேன். பட்டையைச் சுத்தியிருந்தாலே போதுமா?"

சிஸ்டர் பட்டையை எடுத்து மறுபடி அவர் கையில் சுற்றினார்.

"எனக்கும் மின்மினி பறக்குது மேடம்" என்றார் அக்கா, மிக மெல்லிய குரலில். "ரெண்டு வாரமாப் பறக்குது. சொன்னா சிரிப்பாங்கன்னு இல்ல. சொன்னா நிஜமாயிடும்னு."

கணவர் அப்போதுதான் அவர் காலருகே வந்து நின்றார். மை படிந்த கையால் தொடலாமா என்று தயங்கி, போர்வைக்கு மேலாகப் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். "எடுத்துடச் சொல்லு" என்றார். "உன்னை இங்க இப்படி விட்டுட்டு என்னால ஏறி இறங்க முடியாது இனி."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அக்கா கையெழுத்துப் போட்டார்.

ஊசி வேலை செய்யக் காத்திருந்த நேரத்தில் அழுத்தம் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறை பட்டை சுற்றும்போதும் அக்கா எண்ணைக் கேட்டார். இறங்கியிருந்தால் நம்பவில்லை, இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். மைக் சிஸ்டர், "ஒரு நாளைக்கு முன்னால நீ என்கிட்டயிருந்து ஓடின. இப்ப நான் உன்கிட்டயிருந்து ஓடணும் போல இருக்கு" என்றார். சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை பார்த்தார்.

பெண் குழந்தை. ஒரு கையில் அடங்கும் உடம்பு. அழுததா என்று கேட்டதற்கு, அழுதது, ஆனால் சத்தம் பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்கவில்லை என்றார்கள். நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளை பிறந்துவிட்டால் அழுத்தம் அன்றே அடங்கிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அடங்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரலாம் என்று மெக்னீசியத்தை நிறுத்தாமல் ஏற்றினார்கள். அந்த நாட்களில் நான் மேலே வேலையை முடித்ததும் கீழே இறங்கிவிடுவேன். அறைக்கு வெளியே நின்று, எட்டிப் பார்த்து, உள்ளே போகாமலே திரும்பிய நாளும் உண்டு.

அழுத்தம் ஓரளவு அடங்கிய பிறகே குழந்தையைப் பார்க்க அனுப்பினார்கள். முழுதாக அடங்கவில்லை, மாத்திரை இன்னும் பல வாரம் வேண்டும். கணவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தையல் வலியில் அக்கா அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்.

குழந்தைகள் பிரிவில் ஒரு இளம் நர்ஸ் இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தையின் மார்பு சிறகடிப்பது போலப் படபடத்தது. காலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஒரு சின்ன விளக்கு சிவப்பாக ஒட்டியிருந்தது. அக்கா கிட்டே போய்க் குனிந்தார்.

"நல்லா இருக்காம்மா உங்க பொண்ணு. பயப்படாதீங்க" என்றாள் நர்ஸ்.

அக்கா நிமிர்ந்தார்.

"எப்பப் பாத்தீங்க?"

"காலைல ரவுண்ட்ஸ் வந்தப்ப டாக்டர் பாத்தாரு."

"அது காலைலம்மா. இப்ப பாருங்க."

நர்ஸ் எங்களைப் பார்த்தாள். இப்படிப்பட்ட தாய்மார்களை அவள் தினமும் பார்த்திருப்பாள். ஆனாலும் மறுபேச்சுப் பேசாமல் கைகளைக் கழுவிக்கொண்டு வந்து, பெட்டியின் வட்டக் கதவைத் திறந்து, குழந்தையின் அக்குளில் சூடு பார்க்கும் கருவியை வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். கருவி கீச்சென்றது. நர்ஸ் எண்ணைச் சொன்னாள். மூச்சை எண்ணி அதையும் சொன்னாள்.

"இது போதுமா, இன்னும் ஏறணுமா?"

"சூடு போதும். மூச்சு கொஞ்சம் வேகம். கவனிச்சிட்டிருக்கோம்."

"சரி" என்றார் அக்கா. மூச்சு வேகம் என்று கேட்டும் அவர் முகம் கலங்கவில்லை. 'நல்லா இருக்கா' என்று நர்ஸ் சொன்னபோதுதான் கலங்கியிருந்தது. "எது சரியில்லையோ அதை மொதல்ல சொல்லுங்க. மத்ததை அப்புறம் கேட்டுக்கறேன்."

நர்ஸ் பக்கத்துப் பெட்டிக்கு நகர்ந்தாள். டயர் கடைக்காரர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு மகளின் மார்பு ஏறி இறங்குவதை உதட்டை அசைத்து எண்ணத் தொடங்கினார். பாதியில் தவறிவிட்டது. அக்கா அவர் முழங்கையை இடித்து, "விட்ட எடத்துல இருந்து இல்ல, மொதல்ல இருந்து எண்ணுங்க" என்றார்.